ஓடுகிற வண்டியின் விலை

அப்பா காலமான பிறகு நிலத்தைப் பிரிக்க உட்கார்ந்தபோது, உடன்பிறந்தவர்களாகிய எங்கள் மூவருக்கும் இடையே பெரிய சிக்கல் எதுவும் எழவில்லை. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே கிடக்கும் மானாவாரிக் கரிசல் அது. கிணற்றடிப் பங்கு யாருக்கு, ஓடைக்கரைப் பங்கு யாருக்கு என்று அம்மாவின் முன்னிலையில் சீட்டுப் போட்டு எடுத்துக்கொண்டோம். பித்தளை அண்டாக்களைக்கூட மனத்தாங்கல் இல்லாமல் பிரித்தாயிற்று. மூன்றாகப் பகுக்க இயலாமல் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். தொழுவத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில், 2014ஆம் ஆண்டு முதல் அசையாமல் நின்றிருந்த அப்பாவின் ஜீப்பு.

பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்து, எடைக்கு ஒரு விலை சொல்லிப் போனார். நாங்களும் சம்மதிக்கும் மனநிலையில்தான் இருந்தோம். அம்மாதான் தடுத்தாள். "ஓடாத வண்டிய வித்தா இரும்பு வெல. ஓடுற வண்டிய வித்தா வண்டி வெல. ஒங்க அப்பா முப்பத்தஞ்சு வருசம் ஓட்டுன வண்டி. ஓட வெச்சுக் குடுங்க" என்றாள். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தை நிறைவேற்ற நாங்கள் 2023ஆம் ஆண்டில் செலவிட்ட ஏழு மாதங்களைப் பற்றியது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். அது 1966ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட மகிந்திரா சி.ஜே.3பி. சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' என்று பெயர் மாறியது 1969 சனவரியில் அல்லவா? அதற்கு முற்பட்ட வண்டியாதலால் அதன் எண்பலகை 'எம்' என்ற எழுத்தில்தான் தொடங்கும். 'சி.ஜே.' என்பது 'சிவிலியன் ஜீப்பு' என்பதன் சுருக்கம். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், போருக்கென வடித்த வண்டியை இனி யாருக்கு விற்பது என்ற கேள்வி அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனத்துக்கு எழுந்தது. உழவருக்கு விற்கலாம் என்று முடிவு செய்து, 1945இல் சி.ஜே.2ஏ வகையை வெளியிட்டார்கள். பின்புறம் இறக்கி ஏற்றும் கதவு, ஏர் பூட்ட இழுவைக் கம்பி, எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் எடுத்துக் கதிரடிக்கும் பொறியையும் நீர் இறைக்கும் பொறியையும் ஓட்டுவதற்கான வழி என்று ஏறத்தாழ அரை டிராக்டராகவே அதை விளம்பரம் செய்தார்கள்.

அது இந்தியாவுக்கு வந்த கதையும் சுவையானது. 1945இல் லூதியானாவில் உருக்கு வணிகத்துக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் முதற்பெயர் 'மகிந்திரா அண்ட் முகமது'. பிரிவினைக்குப் பின் கூட்டாளியான குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948இல் அது 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆயிற்று. வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் கோத்து விற்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை மட்டுமே உற்பத்தியான சி.ஜே.3பி, இங்கே பல பத்தாண்டுகள் உருமாறி உருமாறி வாழ்ந்தது. 2018இல் அதே உருவத்தின் வழிவந்த 'ராக்ஸர்' என்ற வண்டியை மகிந்திரா நிறுவனம் அமெரிக்காவிலேயே பண்ணை வேலைக்கென்று விற்கப் போக, அது ஜீப்பின் தோற்றத்தை நகல் செய்கிறது என்று வழக்கு எழுந்ததும் நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கலாம்.

கி.ராஜநாராயணனையும் பூமணியையும் படித்தவர்களுக்குக் கரிசல் மண்ணைப் பற்றி நாங்கள் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஒரு மழைக்கே களியாகிச் சக்கரத்தைக் கவ்வும். ஐப்பசி கார்த்திகையில் பருத்திக் காட்டுக்குள் மாட்டுவண்டி போகாது; லாரி நினைக்கவே வேண்டாம். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பு மட்டும், கியர்க் கம்பிக்கு அருகில் இருக்கும் இரண்டு சின்னக் கம்பிகளைத் தள்ளி இழுத்தால், முனகிக்கொண்டே வெளியேறிவிடும். 1979இல் அப்பா இரண்டாம் கையாக இதை வாங்கியது அதற்காகத்தான். விதை, உரம், மிளகாய் மூட்டை, குடிநீர்ப் பீப்பாய், பிரசவ வலி கண்ட பெண்கள் என்று ஊரின் அனைத்தையும் அது சுமந்தது.

கொட்டகையிலிருந்து டிராக்டர் வைத்து இழுத்து, விருதுநகரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைப் பெரியவர் முதலில் செய்த வேலை எங்களுக்கு வியப்பளித்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடிச்சட்டத்தைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார். அரை நாள் கழுவியும் கறுப்பு நீர் நிற்கவில்லை. சட்டத்தின் குறுக்குக் கம்பிகளுக்குள்ளே எங்கள் காட்டு மண் கல்லாக இறுகிக் கிடந்தது. "இந்த மண்ணுதான் ஈரத்தப் பிடிச்சு வெச்சுச் சட்டத்தத் தின்னுது. மொதல்ல இது போகணும்" என்றார். மண் போன இடங்களில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு வேலைகள் வரிசையாக வந்தன. சக்கரங்களின் பிரேக் சிலிண்டர்கள் துருவில் இறுகியிருந்தன, மாற்றினோம். இந்த வண்டியில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. நடுவே, பின்தண்டு புறப்படும் இடத்தில் ஒரு தனி உருளையைப் பிடிக்கிறது. அதன் லைனிங் கடையில் கிடைக்காமல், அளவு கொடுத்துச் செய்து வாங்கினோம். தண்டுகளின் கிராஸ்கள், ஸ்பிரிங் புஷ்கள், ஸ்டீரியங் முட்டிகள் எல்லாம் தேய்ந்திருந்தன. சில பொருள்களைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தோம். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும் எரிபொருள் தொட்டியின் உட்புறம் துருச் செதில்கள். அதைச் சுத்தம் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எஞ்சின் விஷயத்தில்தான் முதல் பிணக்கு வந்தது. இந்த வகை வண்டியின் பிறவி எஞ்சின் 'அரிக்கேன்' என்ற 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். உள்ளிழுக்கும் வால்வு மேலே தலையிலும், வெளியேற்றும் வால்வு கீழே உடலிலும் அமைந்ததால் அது உயரம் கூடியது. அதற்காகவே சி.ஜே.3பியின் முகப்பு மூடி மற்ற ஜீப்புகளைவிடத் தூக்கலாக இருக்கும். ஆனால் எங்கள் வண்டியில் இருந்தது அது அன்று. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் போட்டு விவசாயம் பார்க்க யாரால் முடியும்? அப்பா 1980இல் பி-275 டிராக்டரின் டீசல் எஞ்சினை அதில் ஏற்றி, பதிவுப் புத்தகத்திலும் எழுதி முத்திரை வாங்கிவிட்டார். கனம் கூடியதற்காக முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைச் சேர்த்திருந்தார். கழற்றிய பெட்ரோல் எஞ்சின், சாக்கு சுற்றியபடி எங்கள் கிணற்று மோட்டார் அறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது.

பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒரு கோயம்புத்தூர் அன்பர், பெட்ரோல் எஞ்சினோடு 'கம்பெனி நிலையில்' கொடுத்தால் நாங்கள் எதிர்பார்த்ததைப் போல் இருமடங்கு தருவதாகச் சொன்னார். அவருடைய கணக்கில் நியாயம் இருந்தது. 2021 சூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதற்பதிவாகி ஐம்பதாண்டு கடந்த வண்டியை 'விண்டேஜ்' என்று தனியே பதிந்துகொள்ளலாம். ஆனால் அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கும் ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே.

எங்களுக்குள் இருவர் பெட்ரோலுக்கும் ஒருவர் டீசலுக்கும் வாதிட்டோம். பட்டறைப் பெரியவரிடம் கேட்டோம். "ரெண்டையும் ஓட வைக்கலாம். ஆனா புத்தகத்துல டீசல்னு இருக்கு. மாத்துனா மறுபடி எழுதணும். அடிச்சட்டத்துல தகடு வெச்சு ஒட்டிருக்கோம். அத மறைச்சு ஒரிசினல்னு சொல்லுவீகளா?" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை. அன்று மாலையே கோயம்புத்தூர் அன்பரிடம் தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொன்னோம். நன்றி கூறி விலகிக்கொண்டார். அவர் மீது எங்களுக்கு வருத்தமில்லை. டீசலே இருக்கட்டும், பெட்ரோல் எஞ்சினையும் வாங்குபவரிடமே ஒப்படைத்துவிடுவோம் என்று தீர்மானித்தோம்.

அடுத்து வந்தவர் ஒரு தரகர். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அறுபத்தாறு மாடலா! தம்பி, காமராசர் இதுல ஏறிப் பிரச்சாரம் பண்ணாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரு லட்சம் கூடப் போகும்" என்றார். "அண்ணாச்சி, அப்பா இத வாங்குனதே எழுபத்தொம்பதுல. அதுக்கு முன்னாடி யாரு ஏறுனாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றோம். "ஏறலன்னும் தெரியாதுல்ல?" என்றார் அவர். விருதுநகர்ச் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் பழைய ஜீப்புகள் அனைத்திலும் காமராசர் ஏறியிருந்தால், 1967இல் அவர் சொந்த ஊரிலேயே தோற்றிருக்க மாட்டார் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். ஆனால் அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. தரகரின் கதை பொய்க்கதை. எங்களிடம் ஒரு மெய்க்கதை இருந்தது. அதையும் நாங்கள் ஏறக்குறைய அவரைப் போலவே கையாளப் போகிறோம் என்பது அப்போது தெரியாது.

பெயிண்டைச் சுரண்டுகையில் அந்தக் கதை வெளியே வந்தது. வண்டியின் பின்பக்க ஓரத்தில், ஏறுவதற்குப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கைப்பிடிக் கம்பி ஒன்று உண்டு. இடப்பக்கக் கம்பியில் அப்பா சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றியிருந்தார். எங்கள் சிறுவயதிலிருந்தே அது அப்படித்தான் இருந்தது. டிங்கர் வேலை செய்யும் தம்பி அதை அறுத்து எடுத்தபோது, கம்பி வெளிநோக்கி வளைந்தும், ஒரு முனையில் பற்றவைப்பு விட்டு விளிம்பு கத்திபோல் துருத்திக்கொண்டும் இருந்தது.

1989 சித்திரையில் அது நடந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்து மனிதர்கள் காட்டைவிட்டுப் பட்டாசு ஆலைக்குப் போவது வழக்கம். பிறகு மழை பெய்தாலும் திரும்புவதில்லை. விடியலில் ஆலை வண்டி வரும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறிப் போவார்கள். அன்று முற்பகல், ஊருக்கு அருகிலிருந்த சிறிய ஆலை ஒன்றில் மருந்து கலக்கும் கொட்டகை வெடித்தது. 108 ஆம்புலன்சு தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது 2008இல்தான். அப்பா ஜீப்பின் பின்னிருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு இரும்புக் கட்டிலை உள்ளே ஏற்றினார். கட்டில் நீளம், வண்டியின் பெட்டி குட்டை. பின்கதவைத் திறந்துவிட்டு, நீட்டிக்கொண்டிருந்த பகுதியைக் கமலைக் கயிற்றால் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். அப்படியே மதுரை அரசு மருத்துவமனை வரைக்கும் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கயிறு இழுத்த இழுப்பில் கம்பி வளைந்தது. கட்டிலில் கிடந்தவருக்கு வயது பதினெட்டு. மூன்றாம் நாள் இறந்துபோனார். வழியெல்லாம் அந்தக் கம்பியைப் பிடித்தபடி, வாழையிலையால் விசிறிக்கொண்டு அருகில் அமர்ந்து வந்தவர் அவருடைய அக்கா.

அப்பா இதை எங்களிடம் ஒருமுறைகூட முழுதாகச் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகும் எத்தனையோ வெடிவிபத்துகள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் என்று நாளேடுகளின் முதற்பக்கத்தில் வந்தவை சில, வராதவை பல.

வளைந்த கம்பியில் கயிறு தேய்த்த தடம் இன்னும் தெரிந்தது. எங்களுக்கு நெஞ்சை அடைத்தது. மூவரும் ஒருமனதாகச் சொன்னோம்: "தம்பி, இத மட்டும் தொடாதீங்க. பெயிண்டும் வேண்டாம். அப்படியே இருக்கட்டும்." வாங்குபவருக்கு அந்தக் கதையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றும், ஒரு சிறு பித்தளைத் தகட்டில் '1989' என்று பொறித்து அருகில் பதிக்கலாம் என்றும்கூடப் பேசினோம். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட யோசனைகள் எளிதில் வந்துவிடுகின்றன.

வண்டி ஓடத் தொடங்கியதும், வழக்கப்படி எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் ஓட்டமாக இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு, ஊருக்குள் கொண்டுவந்தோம். டீசல் எஞ்சினின் சத்தம் கேட்டு ஊரே தெருவுக்கு வந்தது. அப்பாவே வந்துவிட்டதைப் போல அம்மா வாசலில் நின்றாள். கூட்டத்தில் அந்த அக்காவும் இருந்தார். இப்போது அறுபதை நெருங்குகிறார். ஆலை வேலையை விட்டு நாளாயிற்று. இரண்டு ஆடு வைத்துப் பிழைக்கிறார். நாங்கள் அவரைப் பின்புறம் அழைத்துப் போய்க் கம்பியைக் காட்டினோம். அதை மாற்றாமல் வைத்திருப்பதைச் சொன்னால் மகிழ்வார் என்று உள்ளூர நினைத்திருந்தோம்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். கையை நீட்டி, கம்பியைத் தொடாமல், துருத்தியிருந்த முனைக்கு நேரே விரலை வைத்தார்.

"இத ஏன் தம்பி இப்பிடியே விட்டுருக்கீங்க?"

"ஞாபகத்துக்காகத்தான்க்கா."

"யாரு ஞாபகத்துக்கு?"

நாங்கள் விழித்தோம். அவர் குரலில் கோபம் இல்லை. "ஒங்க அப்பா எதுக்கு டியூபு சுத்துனாரு? ஏறுற பிள்ளைக கைய அறுக்கும்னுதானே. வாங்குறவன் வீட்டுலயும் பிள்ளைக இருக்கும். இதப் பிடிச்சுத்தானே ஏறும்? மாத்திப்புடுங்க" என்றார். பிறகு, போகிற போக்கில் சொல்வது போல, "எனக்கு ஞாபகம் வைக்க இரும்பு வேணாம் தம்பி" என்றார்.

மறுநாளே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கம்பியை வெட்டி எடுத்து, வலப்பக்கக் கம்பியை அளவுக்கு வைத்துப் புதிதாக ஒன்று செய்து பற்றவைத்தோம். பித்தளைத் தகடு யோசனையைப் பிறகு யாரும் பேசவில்லை. காமராசர் பெயரைச் சொல்லி விற்கச் சொன்ன தரகருக்கும் எங்களுக்கும் இருந்த தூரம் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த அளவு இல்லை. அவர் இல்லாத ஒன்றை வண்டியில் ஏற்றப் பார்த்தார். நாங்கள் இருந்த ஒன்றை, அதற்கு உரியவரைக் கேட்காமல், வண்டியோடு சேர்த்து விற்கப் பார்த்தோம். முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தக் கம்பியைப் பற்றி அப்பா செய்த ஒரே காரியம், கை அறுக்காமல் ரப்பர் சுற்றியதுதான். வண்டியைப் புதுப்பிப்பது பற்றி அதைவிட மேலாக எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்துவிடவில்லை.

எஞ்சியவை அலுவலக வேலைகள். வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, விற்பனைக்குப் படிவம் 29, 30. பதினைந்தாண்டு கடந்த மகிழுந்துகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. தகுதிச் சான்றுக்குப் பார்வையிட்ட அதிகாரி அடிச்சட்ட எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்தபோது, அது தெளிவாக விழவேண்டுமே என்று நாங்கள் மூவரும் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல நின்றோம். விழுந்தது.

வாங்கியவர் இராசபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். காய்ப் பருவத்தில் தோப்புக்குள் போய்வர, ஓடைக் கல்லில் ஏறும் வண்டி தேவை என்றார். அடிச்சட்டத்தின் ஒட்டுகள், எஞ்சின் மாற்றம், முன் ஸ்பிரிங்கின் கூடுதல் பட்டை அனைத்தையும் படுத்துப் பார்க்கச் சொல்லிக் காட்டினோம். அவர் விலையைச் சற்றுக் குறைத்துக் கேட்டார், நாங்கள் சற்று ஏற்றிக் கேட்டோம், நடுவில் முடிந்தது. கோயம்புத்தூர் அன்பர் சொன்னதில் பாதிதான். செலவு போக மூவருக்கும் கிடைத்தது, இரும்புக் கடைக்காரர் சொன்ன விலையைவிடக் கொஞ்சம் கூடுதல். அம்மாவின் கணக்கு பொய்க்கவில்லை என்ற அளவில் நிறைவு. சாக்கு சுற்றிய பெட்ரோல் எஞ்சினையும் ஏற்றிவிட்டோம். அவருடைய பேத்தி, ஐந்தாறு வயது இருக்கும், நாங்கள் தூக்கிவிடுவதற்குள் புதுக் கம்பியைப் பிடித்துத் தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வெட்டியெடுத்த பழைய கம்பியை எறியவும் மனமில்லை; வைத்துக்கொள்ளவும் துணிவில்லை. அக்காவிடமே கேட்டோம். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல இரும்பு. தட்டி நிமித்திக் குடுங்க, ஆட்டுக்கு மொளைக்கு ஆகும்" என்றார். பட்டறைப் பெரியவர் அதைக் காய்ச்சி நிமிர்த்தி, ஒரு முனையைக் கூராக்கிக் கொடுத்தார். சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தோம். அக்கா வீட்டு வேப்பமரத்தடியில், கரிசலில் பாதி இறங்கி உறுதியாக நின்றிருந்தது. அதில் கட்டியிருந்த ஆடு, எங்களைக் கண்டதும் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி தழை மேயத் தொடங்கியது.